அந்தக் கம்பிக்கு நான் கரண்ட் கொடுக்க மாட்டேன்

எங்கள் நகர் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவருக்கும் செயலாளருக்கும், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட இருபத்தேழு பேருக்கும்:

போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோயில் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் திருட்டைத் தடுக்க மூன்று தீர்மானங்கள் போட்டீர்கள். ஏரிப் பக்கம் இருக்கிற பதினான்கு வீடுகளின் பின்மதில் மேல் ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) இழுத்து, ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை அதில் கரண்ட் விடுவது ஒன்று. இளைஞர்கள் முறைவைத்து ரோந்து சுற்றி, கையில் கிடைக்கிறவனைக் 'கவனித்துவிட்டு' போலீசில் ஒப்படைப்பது இன்னொன்று. 'அத்துமீறி நுழைபவர்களின் உயிருக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று நான்கு இடத்தில் போர்டு மாட்டுவது மூன்றாவது. கூட்டம் கலைகிற நேரத்தில் பின்னாலிருந்து ஒருவர், "நம்ம லைன் இன்ஸ்பெக்டர் சார் கீறாரே, அவரே பார்த்துக் கட்டிக் குடுத்துடுவாரு" என்றார். எல்லோரும் கை தட்டினீர்கள். நான் ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கேயே எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

திருட்டுக் கொடுத்தவன் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். போன வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலை போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்தோம். பின்கதவுத் தாழ்ப்பாளை நெம்பியிருந்தார்கள். என் மனைவியின் அம்மா வீட்டுச் சீதனமாக வந்த செப்பு அண்டா இரண்டு, சிலிண்டர் ஒன்று, ஒண்ணேகால் பவுனில் தோடு. கிணற்று மோட்டாரைத் தூக்க முடியவில்லை போலிருக்கிறது, கேபிளை மட்டும் அறுத்துக்கொண்டு போயிருந்தான். போகிற போக்கில் நான் வளர்த்த பப்பாளி மரத்தில் பழுத்திருந்த ஒன்றையும் பறித்து, பாதி தின்று, மீதியைத் துணி துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். அந்தப் பாதிப் பப்பாளியைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரம் அண்டா போனதற்கு வரவில்லை. மூன்று மாதம் என் மனைவி பின்கதவுக்கு முட்டுக்கொடுத்த கிரைண்டரை நகர்த்த விடவில்லை. அந்த நாட்களில் அவன் என் கையில் கிடைத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே சொல்லத் தெரியாது. அதனால் உங்கள் கோபத்தை நான் தப்பென்று சொல்லவில்லை. கம்பியைத்தான் தப்பென்று சொல்கிறேன்.

மின்வாரியத்தில் 34 வருஷம் வேலை செய்தேன். ஹெல்பராகச் சேர்ந்து, வயர்மேனாகி, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றேன். அந்த 34 வருஷத்தில் வேலிக் கம்பியில் ஒட்டிக்கிடந்த உடம்பை மூன்று முறை எடுத்திருக்கிறேன். இரண்டைச் சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

1993, வைகாசி. வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பேர் இருந்த காலம். ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு கிராமம். காலை ஆறு மணிக்கு ஆள் வந்து கூப்பிட்டான். சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். முக்கால் ஏக்கர் மல்லித் தோட்டம், அதை ஒட்டி வேர்க்கடலை. காட்டுப்பன்றி வருகிறது என்று நிலத்துக்காரர் முழங்கால் உயரத்தில் சுற்றிலும் கட்டுக்கம்பி இழுத்து, பம்புசெட் ரூமிலிருந்து நேராக ஒரு ஃபேஸ் கொடுத்திருந்தார். தினமும் ராத்திரி போடுவார், காலை ஐந்து மணிக்கு நிறுத்துவார். பூப் பறிக்கிற பொம்பளைகள் ஐந்தரைக்குத்தான் வருவார்கள். அன்று முகூர்த்த நாள். பூவுக்கு விலை ஏறியிருந்தது, முதல் பஸ்ஸுக்கு மூட்டை போக வேண்டும் என்று முந்தின நாள் மாலை அவரே சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட ஒரு அம்மா, சீக்கிரம் போனால் இரண்டு கிலோ அதிகம் பறிக்கலாம் என்று நாலரைக்கே வந்துவிட்டாள். முந்தின நாள் தண்ணீர் கட்டியிருந்ததால் வரப்பு ஈரம். செருப்பைக் கழற்றி வரப்பின்மேல் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்திருந்தாள். பூ போட மடியைக் கட்டிக்கொண்டு கம்பியைத் தாண்டக் காலைத் தூக்கியிருக்கிறாள்.

நான் போய் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி, கம்பியை எர்த் செய்துவிட்டுத்தான் மற்றவர்களைக் கிட்டே விட்டேன். நிலத்துக்காரர் பம்புசெட் ரூம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஊரில் நல்ல பேர் உள்ளவர். யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பவர். என்னைப் பார்த்து, "அஞ்சு மணிக்கு ஆஃப் பண்ணிடுவேன் சார், அஞ்சு மணிக்கு ஆஃப் பண்ணிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போலீஸ் ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போகிறவரைக்கும் அதையேதான் சொன்னார். உங்கள் தீர்மானத்தில் 'காலை ஐந்து மணி வரை' என்று செயலாளர் வாசித்தபோது எனக்கு ஏன் வாய் அடைத்துப்போனது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கூட்டத்தில், "ஷாக்கு மட்டும்தான் அடிக்கும், ஆள் சாகமாட்டான்" என்று ஒருவர் சொன்னார். அவர் வீட்டிலேயே மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது விழுந்து கரண்டை நிறுத்திவிடும். அதற்கு மேல் மனித உடம்பில் ஓடினால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோகலாம் என்பதால்தான் அந்தக் கணக்கு. பழைய 60 வாட் குண்டு பல்பு எரிய சுமார் 260 மில்லி ஆம்பியர் வேண்டும். அதில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு இது. மதில் கம்பியை அந்த ஸ்விட்ச் வழியாகக் கொடுத்தால் ஈர வேப்பிலை ஒன்று பட்டாலே விழுந்துவிடும், ராத்திரி பத்து தடவை எழுந்து போட வேண்டும். அதனால் வேலி போடுகிறவன் எவனும் அதன் வழியாகக் கொடுப்பதில்லை. அதைத் தாண்டி நேராகக் கொடுப்பான். அப்புறம் காவலுக்கு இருப்பது ஃபியூஸ் ஒன்றுதான். ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் போக ஐயாயிரம் மில்லி ஆம்பியருக்கு மேல் வேண்டும். ஆள் செத்த பிறகும் அது போகாது. நான் பார்த்த மூன்று இடத்திலும் போகவில்லை.

சோலார் வேலி இருக்கிறதே, தோட்டங்களில் போடுகிறார்களே என்று கேட்கலாம். அது வேறு சாமான். அதற்கென்று ஒரு பெட்டி உண்டு. நொடிக்கு ஒரு முறை, கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைந்த நேரம், ஒரு துடிப்பை மட்டும் அனுப்பும். தொட்டவன் உதறிக்கொண்டு கையை எடுத்துவிட அவகாசம் கிடைக்கும். நீங்கள் கேட்பது வீட்டு 230 வோல்ட். அது தொட்டவனைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் கம்பிதானே என்பது கோலி சோடாவும் ஆசிட்டும் பாட்டில்தானே என்பது மாதிரி.

சட்டத்துக்கு வருகிறேன். நான் வக்கீல் இல்லை. அந்த 1993 வழக்கில் சாட்சியாகக் கூண்டேறியவன், பிறகு ஏழெட்டு வாய்தாவுக்கு நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருந்தவன். அங்கேதான் ஒன்று காதில் விழுந்தது. நிலத்துக்காரரின் வக்கீல், "அவருடைய நிலம், அவருடைய வேலி, அனுமதியில்லாத நேரத்தில் வந்தது அந்த அம்மாவின் தவறு" என்று வாதாடினார். அரசு வக்கீல் எழுந்து 1963-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பைப் படித்தார். பீகாரில் நடந்தது. பக்கத்து வீட்டுக் கழிப்பறைச் சுவர் இடிந்து போனதால் அந்த வீட்டார் இவருடைய கழிப்பறையைப் பயன்படுத்த ஆரம்பித்திருக்கிறார்கள். வராதே என்று பலமுறை சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் கழிப்பறைக்குப் போகிற வழியில் மின்சாரம் பாய்கிற வெறுங்கம்பியைக் கட்டிவிட்டார். ஒரு பெண் செத்துப்போனாள். தன் சொத்தைக் காக்கிற உரிமையில் செய்தேன் என்றார் அவர். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அத்துமீறி நுழைந்தவன் என்பதாலேயே ஒருவன் சட்டத்தின் காப்பு இல்லாதவனாகிவிட மாட்டான், நேரே கையால் செய்யக்கூடாத காயத்தைப் பொறி வைத்தும் செய்யக்கூடாது என்று சொல்லித் தண்டனையை உறுதிசெய்தது. ஒடுகத்தூர்க்காரருக்கு ஒரு வருஷம் சிறை. நிலம் அதற்கு முன்பே போய்விட்டது, பாதி வக்கீலுக்கு, பாதி கடனுக்கு.

அன்று அவர்மேல் போட்டது கவனக்குறைவால் சாவு விளைவித்த பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்தில் அதற்கு அதிகபட்சம் இரண்டு வருஷம். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 106ஆம் பிரிவு, ஐந்து வருஷம் வரை போகலாம். அதுகூட நமக்குப் பொருந்துமா என்று எனக்குச் சந்தேகம். அவர் பாவம், யோசிக்காமல் செய்தார். நாம் மண்டபத்தில் உட்கார்ந்து, உயிர் போகலாம் என்று தெரிந்து, 'உயிருக்குப் பொறுப்பல்ல' என்று போர்டு எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறோம். சாவு நேரலாம் என்று அறிந்தே செய்தால் 105ஆம் பிரிவு, பத்து வருஷம் வரை. போர்டு நம்மைக் காப்பாற்றும் என்று நினைக்கிறீர்கள். நமக்குத் தெரிந்தே இருந்தது என்பதற்கு அந்தப் போர்டும் தீர்மானப் புத்தகமும்தான் முதல் இரண்டு சான்றுகள்.

திருடனுக்கு இவ்வளவு பாதுகாப்பு என்றால் வீட்டுக்காரனுக்கு என்ன இருக்கிறது என்று பொருளாளர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நிறைய இருக்கிறது, ஆனால் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சட்டம் ஒரே அளவுகோல் வைக்கவில்லை. சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. சூரியன் மறைந்த பிறகு, உதிப்பதற்கு முன் ஒருவன் பூட்டை உடைத்தோ ஓட்டைப் பிரித்தோ வீட்டுக்குள் நுழைந்தால், கொள்ளையடித்தால், குடியிருக்கிற வீட்டுக்குத் தீ வைத்தால், அல்லது அவன் நுழைந்த விதத்தைப் பார்த்து நம் உயிர் போகும், கைகால் போகும் என்று பயப்பட நியாயமான காரணம் இருந்தால், 41ஆம் பிரிவின்படி அவனைத் தடுப்பதில் அவன் உயிரே போனாலும் அது குற்றமாகாது. அந்த நேரத்தில் எத்தனை அடி அடித்தாய் என்று பொன் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. நம் வீட்டுக்குள் நாம்தான் முதலில் தப்பி ஓட வேண்டும் என்றும் யாரும் கேட்கவில்லை.

மதிலுக்குள் குதித்து மாமரத்தடியில் நிற்கிறவன் கதை வேறு. மாமரத்தடி வீட்டுக்குள் சேராது. அவன் செய்வது அத்துமீறல், மிஞ்சிப்போனால் திருட்டு. அவனைத் தடுக்கலாம், தள்ளலாம், பிடிக்கலாம், திமிறினால் அடக்குகிற அளவுக்கு அடிக்கலாம். சாவை மட்டும் விளைவிக்கக் கூடாது என்கிறது 42. எதற்கும் தேவைக்கு மேல் போகாதே, போலீசைக் கூப்பிட நேரம் இருந்தால் கூப்பிடு என்கிறது 37. பொருளைப் போட்டுவிட்டு மதில் ஏறி ஓடுகிறவன் முதுகில் கல்லெறிய அதில் இடமே இல்லை. இதெல்லாம் ஆள் நின்று, பார்த்து, அந்த நேரத்தில் முடிவு பண்ணுகிற காரியங்கள். கம்பி எதைப் பார்க்கும்? பந்து எடுக்க ஏறுகிற பையனா, பூனை பிடிக்க வந்த எதிர்வீட்டுப் பாப்பாவா, நாலு மணிக்கு வருகிற பால்காரரா என்று அதற்கு எப்படித் தெரியும்?

நம் வேலூர்க் கோட்டை அகழியில் அந்தக் காலத்தில் முதலை விட்டிருந்ததாகச் சொல்வார்கள். உண்மையோ கதையோ, ராஜாக்களுக்கு அது கட்டுப்படியாகியிருக்கும். அத்தனை அகழியும் இருந்தும் 1806 ஜூலை 10-ஆம் தேதி விடியுமுன்னே வெள்ளைக்காரனுக்கு வந்த ஆபத்து மதிலுக்கு உள்ளே படுத்திருந்த சிப்பாய்களிடமிருந்துதான் வந்தது. நம் பதினான்கு வீடுகளில் ஒன்பதில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இரண்டாவது தீர்மானத்தைப் பற்றி. 'கவனித்துவிட்டு' என்று எழுதியதை அப்படியே விட்டுவிட முடியாது, ஏனென்றால் இரண்டு வாரத்துக்கு முன்பு கவனித்துவிட்டோம். ஏரிக்கரைப் பையன், பதினேழு வயது இருக்கும். மூன்றாவது தெரு மூலைவீட்டு மரத்தில் பெங்களூரா மாங்காய் பதினொன்று பறித்து லுங்கியில் கட்டியிருந்தான். கரண்ட் கம்பத்தில் கட்டிப்போட்டார்கள். நான் போனபோது அவனைச் சுற்றி எட்டுப் பேர், இரண்டு பேர் கையில் செல்போன். கட்டை அவிழ்த்தது நான்தான். அதற்கு வாட்ஸாப்பில் எனக்குக் கிடைத்த அர்ச்சனையை நீங்கள் எல்லோரும் படித்தீர்கள். இடது காதில் விழுந்த அறையால் அவனுக்கு அந்தக் காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்று அவன் அம்மா சொல்கிறாள். அவள் யாரென்று பலருக்குத் தெரியாது. நம் தெருவில் காலையில் குப்பை வண்டி தள்ளுகிறாளே, அவள்தான். இரண்டு வாரமாக நம் குப்பையையும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

சட்டத்தின் கணக்கை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். அவன் எடுத்தது ரூ.5,000-க்குக் குறைந்த பொருள். முதல் தடவை தண்டனை பெறுகிறவன், பொருளைத் திருப்பிக் கொடுத்தால், 303ஆம் பிரிவில் பெரியவர்களுக்கே தண்டனை சமூக சேவைதான். நம் பக்கம்: ஒருவனைக் கட்டிவைப்பது 127ஆம் பிரிவு, ஒரு வருஷம் வரை. ஒரு காது நிரந்தரமாகக் கேட்காமல் போனால் அது கொடுங்காயம், 117ஆம் பிரிவில் ஏழு வருஷம் வரை. ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரே சட்டவிரோத நோக்கத்தோடு கூடினால் அடித்தவன் ஒருவனே ஆனாலும் கூடி நின்ற எல்லோரும் குற்றவாளி என்கிறது 190. அதை வீடியோவும் எடுத்து வைத்திருக்கிறோம். திருடனைப் பொதுமக்கள் பிடிக்கக் கூடாதா என்றால், பிடிக்கலாம். பிணையில் விட முடியாத, வாரண்டு இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தை நம் கண்ணெதிரே செய்தவனை நாமே பிடித்து, தாமதமில்லாமல், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள், போலீசில் ஒப்படைக்கலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு சொல்கிறது. பிடிப்பதற்கும் ஒப்படைப்பதற்கும் நடுவில் 'கவனிப்பது' என்று ஒரு வார்த்தையும் அதில் இல்லை.

2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில் நடந்ததை மறந்துவிட்டோமா? பழைய வட ஆற்காட்டு மண்தான் அதுவும். குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பம். வழி கேட்க நிறுத்திய இடத்தில் 65 வயது அம்மா ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவள் என்று அடித்தே கொன்றார்கள். அடித்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் ஊரைக் காப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கும் முதலில் ஓடியது வாட்ஸாப் வதந்திதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கசப்பாக இருந்தாலும். கூட்டத்தில் ஒருவர்கூட 'திருடன்' என்று சொல்லவில்லை. 'அந்தப் பக்கத்து ஆளுங்க' என்றுதான் எல்லோரும் சொன்னீர்கள். என் வீட்டில் திருடியவன் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உங்கள் வீடுகளில் திருடியவன் யார் என்று உங்களுக்கும் தெரியாது. கம்பி மட்டும் ஏரிப் பக்கத்து மதிலில். முன்பக்கம் மெயின் ரோட்டைப் பார்த்த கேட்டுகளில் இல்லை.

போலீஸ் விஷயம். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அதிகாரம் இல்லாத போலீஸ் என்று நம் ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். பாலாற்றிலும் சில வருஷம் தண்ணீர் ஓடுகிறது. மீதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. என் வீட்டுத் திருட்டுக்குப் புகார் கொடுக்கப் போனபோது, புகார் வந்ததாக மட்டும் காட்டுகிற சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றை நீட்டினார்கள். எஃப்.ஐ.ஆர். கேட்டேன். விசாரித்துவிட்டுப் போடுகிறோம் என்றார்கள். நான்கு முறை நடந்தேன். ஒருமுறை, "உள்ளூர்ல யார் மேலயாவது சந்தேகம் இருந்தா பேர் சொல்லுங்க சார், தூக்கிடறோம்" என்றார் ஒருவர். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஐந்தாம் முறை போகவில்லை. அது என் தப்பு. கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. இப்போது சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவில் புகாரை மின்னஞ்சல் மாதிரி மின்னணு வழியிலும் கொடுக்கலாம், மூன்று நாளைக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலைக் காசில்லாமல் தர வேண்டும். நிலையத்தில் பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அங்கும் நடக்கவில்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். ஒன்றரை வருஷத்தில் நம் நகரில் ஆறு திருட்டு. எனக்குத் தெரிந்து ஒன்றுக்குக்கூட எஃப்.ஐ.ஆர். நகல் யார் கையிலும் இல்லை. ஆறு பேரும் தனித்தனியாகப் போய், தனித்தனியாகச் சலித்துத் திரும்பினோம். சங்கம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

கம்பிக்கு ஒதுக்கிய 38,000 ரூபாயில் செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. பின்பக்கச் சந்தில் இருக்கிற ஏழு விளக்குகளில் நான்கு எரியவில்லை; ஏணியும் ஆளும் நான் ஏற்பாடு செய்கிறேன், அந்த வேலையைச் சந்தோஷமாகச் செய்வேன். ஆள் நடமாடினால் எரிகிற சென்சார் விளக்கு வீட்டுக்கு ஒன்று போடலாம். வேப்பங்கிளைகள் இரண்டு மதிலுக்கு மேல் ஏணி மாதிரி சாய்ந்திருக்கின்றன, அவற்றை வெட்ட ஒரு நாள் கூலி போதும். மதிலுக்கு வெளியே கிளுவைப் போத்து நட்டால் இரண்டு மழைக்காலத்தில் முள்வேலியாகிவிடும். நம் அப்பன் பாட்டன் ஆட்டையும் திருடனையும் அதைக் கொண்டுதான் நிறுத்தினார்கள். சில வீடுகளில் மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறார்களே, அது மட்டும் சரியா என்று கேட்பீர்கள். எனக்கு அது பிடிக்காது. ஆனாலும் அது கண்ணுக்குத் தெரிகிறது, ஏறுகிறவன் தெரிந்து ஏறுகிறான், கையைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடுவான். நாய் வளர்க்கலாம், கட்டிவைக்கும் பொறுப்போடு. அது வழியில் போகிறவனைக் கடித்தால் நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு வளர்த்தவரைக் கேட்கும். ரோந்தும் நல்லதுதான். டார்ச்சும் விசிலும் செல்போனும் கையில் இருக்கட்டும். தடி வேண்டாம்.

இனி நான் கேட்பது.

மூன்று தீர்மானங்களையும் வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ரத்து செய்து, ரத்து செய்ததை அதே புத்தகத்தில் எழுதி, அதே இருபத்தேழு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பழைய பக்கத்தைக் கிழிக்கக் கூடாது.

அந்தப் பையனின் காதை மருத்துவமனையில் காட்டுகிற செலவு முழுவதையும் சங்கம் ஏற்க வேண்டும். தலைவர் ஐயா நேரில் அவன் அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது. அவர்கள் புகார் கொடுக்க நினைத்தால் யாரும் குறுக்கே நிற்கக் கூடாது. என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டால் நான் போவேன். அந்த வீடியோவைப் பரப்புவதை இன்றோடு நிறுத்துங்கள்.

ஆறு திருட்டுகளின் தேதி, போன பொருள், கொடுத்த புகார், கையில் இருக்கிற சி.எஸ்.ஆர். ரசீது எல்லாவற்றையும் ஒரே மனுவாகச் சேர்த்து, எஃப்.ஐ.ஆர். பதியச் சொல்லி நம் பகுதிக் காவல் நிலையத்தில் சங்கத்தின் பேரில் கொடுக்க வேண்டும். பதினைந்து நாளில் பதியாவிட்டால் அதே மனுவைப் பதிவுத் தபாலில் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். பின்சந்து வரைக்கும் இரவு ரோந்து வரவும், வந்த காவலர் நேரம் குறித்துக் கையெழுத்துப் போட நோட்டு ஒன்று கோயில் சுவரில் தொங்கவும் அந்த மனுவிலேயே கேளுங்கள். மனுவை நான் எழுதித் தருகிறேன், எழுத்து பரவாயில்லாமல் இருக்கும்.

செயலாளர் தம்பிக்குத் தனியாக ஒன்று. உங்கள் கார் ஷெட்டில் இருக்கிற ஜி.ஐ. கம்பிச் சுருள் மூன்றும் இன்னும் பிரிக்கவில்லை என்று பார்த்தேன். பிரிக்காத சுருளைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார், நான் நேற்றே போய்க் கேட்டுவிட்டேன். பில்லை மட்டும் எடுத்து வையுங்கள். திங்கட்கிழமைக்குள் அவை கடைக்குத் திரும்பாவிட்டால் செவ்வாய்க்கிழமை காலை மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் நான் எழுத்தில் கொடுப்பேன். உங்களுக்குத் தெரியாமல் கொடுத்தேன் என்ற பேச்சு வரக்கூடாது என்பதால் இங்கேயே சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
மூன்றாவது குறுக்குத் தெருவில் குடியிருக்கும்,
பணி ஓய்வு பெற்ற லைன் இன்ஸ்பெக்டர்